வீட்டுக் குப்பை

"பையில என்ன, சிவசக்தி?"

லீலாதேவி கேட்டதும் சிவசக்தி பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"ஒண்ணுமில்ல மிஸ். சாப்பாடு."

"சாப்பாட்டை ஏன் குப்பை வாளிக்குள்ள கொட்டுறீர்?"

லீலாதேவி வாளியை எட்டிப் பார்த்தாள். கோவா இலை, முட்டைக் கோது, உருளைக்கிழங்குத் தோல். அந்தக் கணினிக் கந்தோரில் சமையலே கிடையாது.

லீலாதேவிக்குச் சுர்ரென்று ஏறியது. ஏறாமல் என்ன செய்யும்? அப்புத்தளை பஸ் நிலையத்துக்கு எதிரே, கடை மாடியில் நடக்கும் அந்தக் கணினி நிலையத்துக்கு அவள்தான் பொறுப்பு. இங்கிலாந்துக் காப்புறுதிக் கம்பெனி ஒன்று தன் பழைய படிவங்களை அனுப்பி, இங்கே கணினியில் ஏற்றி வாங்கிக்கொள்கிறது. சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் படித்து முடித்த பிள்ளைகளுக்குக் கொழுந்துக் கூடைக்கு வெளியே கிடைத்த வேலை.

போன வருஷக் கடைசியில் அந்தக் கம்பெனிக்குத் திடீரென்று சுற்றாடல் ஞானம் பிறந்தது. எங்கள் வேலையைச் செய்கிறவர்கள் பூமியை அழுக்காக்கக் கூடாது, குப்பை பாதியாகக் குறைந்தால்தான் ஒப்பந்தம் நீடிக்கும் என்று சொல்லிவிட்டார்கள்.

லீலாதேவி சாப்பாடு சுற்றும் லஞ்ச் ஷீட்டை நிறுத்தினாள். எல்லாருக்கும் சாப்பாட்டுப் பெட்டி வாங்கிக் கொடுத்தாள். பின்னேரம் கூட்டிப் பெருக்கும் ரெங்கம்மா குப்பைச் சாக்கைத் தராசில் கொளுவுவாள். அந்த நிறையை லீலாதேவி லண்டனுக்கு அறிவிப்பாள். சொன்னபடியே பாதியாகிவிட்டது. அதைக் கண்ணால் பார்க்க அடுத்த கிழமை ஆட்கள் வருகிறார்கள்.

"லண்டன் ஆக்கள் வரப்போகினம். இந்த நேரம் பார்த்து வீட்டுக் குப்பையை இங்க கொண்டுவந்து கொட்டுறீர். ஒப்பந்தம் போனா உம்மட வேலையும்தான் போகும், தெரியுமா?"

"தெரியும் மிஸ்."

"தெரிஞ்சுமா?"

சிவசக்தி தலையைக் குனிந்துகொண்டாள். "நான் மட்டும் இல்ல மிஸ். எல்லாரும் முறை வச்சுக் கொண்டாறோம். இன்னைக்கு என் முறை."

லீலாதேவி திரும்பிப் பார்த்தாள். அத்தனை தலைகளும் கணினிக்குள் புகுந்துகொண்டன.

"கிஷாந்தன், இங்க வாரும். என்ன நடக்குது?"

கிஷாந்தன் தெமோதரைப் பையன். எதையும் மறைக்கத் தெரியாதவன்.

"மிஸ், சுத்தம் செய்ற வேலையைப் பதுளை மொஹிதீன் முதலாளிக்குத்தானே கொந்தராத்துக் கொடுத்திருக்கு. அவருதானே ரெங்கம்மாக்காவை அனுப்புறாரு. போன மாசம் வந்தவரு வாளியைப் பார்த்துட்டு, 'குப்பையே இல்லாத எடத்துக்கு நாளும் ஒரு ஆள் எதுக்கு, கெழமைக்கு ஒருக்கா போதும்'னு போன்ல சொன்னாரு. நாங்க கேட்டுக்கிட்டுத்தான் இருந்தோம்."

"அதுக்கு?"

"அந்தக்கா முட்டி தேஞ்சு போயித்தான் மலையில கொழுந்து எடுக்கிறதை விட்டுட்டு இங்க வந்துச்சு. இதையும் விட்டா எங்க போகும்? அதான், வாளி காலியா இருக்கக் கூடாதுன்னு கொஞ்சமாப் போட்டு வைக்கிறோம்."

"கொஞ்சமா? கலியாண வீட்டுக் குப்பை மாதிரிக் கிடக்குது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். லீலாதேவியின் கோபம் பிடிமானம் இல்லாமல் வழுக்கத் தொடங்கியது. ஆனாலும் ஒன்று இடித்தது.

"நாளுக்கு ஒராள் இப்பிடிக் கொண்டுவந்து கொட்டினா, சாக்கின்ர நிறை ஏறியிருக்க வேணுமே?"

"அதுதான் மிஸ் எங்களுக்கும் வெளங்கல. போன கெழமை நான் அழுகின பூசணிக்காயே கொண்டாந்து போட்டேன். தராசு முள்ளு அசையல."

லீலாதேவி மேசைக்குப் போய்ப் போனை எடுத்தாள்.

"மொஹிதீன் முதலாளி, ரெங்கம்மா எங்களுக்கு நாளும் வேணும். தேத்தண்ணி போட, பூச்சட்டிகளைப் பார்க்க. ஓம், குப்பை இல்லாட்டியும்தான். கொழும்புத் தலைமைக் கந்தோரோட நான் கதைக்கிறன்."

"நீங்க சொன்னாச் சரி மிஸ். வேலை இருந்தா ஆளை அனுப்ப எனக்கென்ன?"

போனை வைத்துவிட்டு எழுந்தாள். "நாளையிலயிருந்து ஒரு கோவா இலைகூட இந்தப் படி ஏறக் கூடாது. விளங்குதா?"

"சரி மிஸ்" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். இவ்வளவு சந்தோஷமாக யாரும் அவளிடம் திட்டு வாங்கியதில்லை.

பின்னேரம் ரெங்கம்மா விளக்குமாறோடு வந்தாள்.

"ரெங்கம்மா, இங்க வாங்கோ. இனிமேல் குப்பை இருந்தாலும் இல்லாட்டியும் உங்களுக்கு நாளும் வேலை இருக்கு. நான் முதலாளியோட கதைச்சிட்டன். பயப்படாதேங்கோ."

ரெங்கம்மாவின் முகம் மலரவில்லை.

"அது இருக்கட்டும்மா. வெள்ளைக்காரன் வாரானாமே. புள்ளைங்க வேலை நெலைச்சுருமா?"

"ஏன் நிலைக்காது? குப்பைதான் பாதியாகிட்டுதே. நீங்கதானே நிறுக்கிறீங்கள்."

ரெங்கம்மா சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு லீலாதேவியின் காதருகே குனிந்தாள்.

"புள்ளைங்க காதுல போட்டுறாதீங்கம்மா, மனசு ஒடிஞ்சு போயிரும். படிச்ச புள்ளைங்கதான், ஆனா குப்பையைக் கொறைக்க மட்டும் அதுங்களுக்கு வரல. போன மாசத்துலயிருந்து நாளுக்கு நாள் கூடிக்கிட்டேதான் போவுது. அதான், நிறுக்கிறதுக்கு முந்தியே பாதியை வேற சாக்குல கட்டி, லயத்து வீட்டுக்குச் சொமந்துட்டுப் போயி எங்க போஞ்சிப் பாத்தியில பொதைச்சிர்றேன். கெழமைக்கு ஒரு நாள் வான்னு மொதலாளி சொன்னாச் சொல்லிட்டுப் போறாரு, எப்படியும் கஞ்சி குடிச்சுக்கலாம்னு இருந்தேன். அதுங்க மறுபடி கூடையைத் தூக்கிக்கிட்டு மலை ஏறக் கூடாதில்லம்மா."