முதலிடம் வேண்டாம்

"முதல் மார்க்கா? அடிப்பாவி, குடியைக் கெடுத்தியே!"

மாமா போட்ட கூச்சலில், அவர் வேலை பார்த்த சலவைக்கடையின் ஆறு இயந்திரங்களும் ஒரு கணம் சுற்றுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தன.

பின்னே? மாமாவுக்கும் மருமகளுக்கும் அந்த நாட்டில் தங்குவதற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. மாட்டினால் நாடு கடத்தல்தான். நல்லவேளையாகக் கல்லூரியில் யாரும் காகிதம் கேட்கவில்லை. மூன்று வருடம் சத்தம் காட்டாமல் படித்துவிட்டாள். ஆனால் முதலிடம் என்றால் பத்திரிகையில் போட்டோ வரும். மேடையேறிப் பரிசும் வாங்க வேண்டும். கொடுப்பவர் குடியேற்றத் துறை மந்திரி!

"ஒரு கேள்வியை வேணும்னே விட்டேன் மாமா! மூளைதான் முதல்ல வருவான்னு நம்பி இருந்தேன்."

'மூளை' என்பது அவளுடைய தோழிக்கு வகுப்பே வைத்த பெயர். அவள் தும்மினால் நாலு சூத்திரம் உதிரும். எந்தத் தேர்விலும் அவளை யாரும் முந்தியதில்லை.

மருமகள் ஒரே ஓட்டமாகப் போய் மூளையின் கதவைத் தட்டினாள்.

"ஏன்டி எருமை, முதலிடத்தை என் தலையில கட்டிட்டியே! உனக்கு என்னடி கேடு?"

"மெதுவாப் பேசுடி." மூளை அவளை உள்ளே இழுத்துத் தாழ்ப்பாள் போட்டாள். "நான் ரெண்டு கேள்வியை வேணும்னே விட்டேன்."

"ஏன்டி?"

"என் போட்டோ வந்தா எங்க குடும்பத்தையே நாடு கடத்திருவாங்கடி. உனக்கென்ன, இங்கேயே பொறந்தவ! ஜம்முனு போய் மேடையில நில்லு!"