பங்குனி ஆமையின் தடம்

"இன்னிக்கு ஆமைத் தடம் கண்ணுல படுமா, படாதா? முதல்ல அதைச் சொல்லும்மா" என்றார் ரமேஷ். சென்னையிலிருந்து வேனில் ஆட்களை அழைத்து வருபவர்.

"நடந்து பாத்தாதான் சார் தெரியும். அது இன்னா, நம்மள கேட்டுக்கினா கரை ஏறுது?" என்றாள் பானுப்ரியா.

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த மணல்மேடுகளில் ஆட்களை நடத்திக் கூட்டிப் போவது அவள் வேலை. அவர்களைப் படகில் ஏற்றி வருவது அவள் கணவன் தமிழ்வேந்தனின் வேலை.

"போன வருஷம் எடுத்த வீடியோவைப் பார்த்துதான் இவங்க எல்லாரும் வந்திருக்காங்க. தடம் இல்லைன்னா இதுதான் கடைசி டிரிப். அடுத்த வாரத்திலேர்ந்து வேற கடற்கரை பார்த்துக்கறேன்."

பானு கணவனைப் பார்த்தாள். ரமேஷ் வராவிட்டால் அவன் மறுபடி ஓசூர் கம்பெனிக்குப் போக வேண்டும். கல்யாணமான முதல் வருஷம் அப்படித்தான் போனது. மாதத்துக்கு ஒருமுறை வருவான். துணி துவைத்துக் காய்வதற்குள் கிளம்பிவிடுவான்.

"கவலைப்படாதீங்க சார்" என்றான் தமிழ்வேந்தன். "பங்குனி ஆமைன்னு பேருதான், மாசி பொறந்தாலே முட்டை போடக் கரை ஏறும். எப்படியும் கெடைக்கும்."

நடந்தார்கள். மணலில் படர்ந்த அடம்பங்கொடிக்குப் பக்கத்தில் வரிசையாகப் பதிந்த காலடிகளைப் பானு காட்டினாள்.

"இது நரி. பக்கத்துல அது போட்ட எச்சம் பாருங்க, நண்டு ஓடு தெரியுதா?"

"ச்சீ" என்றாள் தொப்பி போட்ட பெண்.

"இது உடும்பு. ரெண்டு பக்கமும் காலு, நடுவுல கோடு போட்டாப்பல வாலு."

"இதெல்லாம் சரி, ஆமை எங்கே? தோண்டி ஒரு முட்டையாவது கையில வச்சுப் படம் எடுக்கணும். அந்த வீடியோவில எடுத்தாங்களே!" என்றாள் அதே பெண்.

பானு முன்னால் நடந்தாள். அந்த வீடியோ எடுத்த அன்று, அவள் தடுத்தும் கேட்காமல் குழியைக் கலைத்தார்கள். முட்டைகளை மறுபடி புதைத்தாள். ஒன்றுகூடப் பொரிக்கவில்லை.

சவுக்குத் தோப்பு வரை போனார்கள். ஈர மணலில் நண்டு வளைகளைத் தவிர ஒன்றும் இல்லை.

"இன்னா பானு, ஒழுங்காப் பாத்தியா?" தமிழ்வேந்தன் குரலை உயர்த்தினான். "பொழப்பு போவப் போவுது, நீ பாட்டுக்குக் கொடியக் காட்டிக்கினு கீறே!"

"இருந்தாதானே காட்ட முடியும்?"

"வாங்க சார், முகத்துவாரப் பக்கம் போலாம். அங்க இல்லாமப் போவாது."

வெயில் ஏறியது. முகத்துவாரம் வரை அவனே முன்னால் நடந்தான். குனிந்து குனிந்து தேடினான். அங்கேயும் காற்று தடவிய வெறும் மணல்தான்.

தொப்பிக்காரப் பெண் செருப்பைக் கழற்றி உதறினாள். "ஏமாத்திட்டீங்க ரமேஷ்."

"போதும்ப்பா, படகை எடு" என்றார் ரமேஷ்.

அவர்களை அக்கரையில் விட்டுவிட்டுத் தமிழ்வேந்தன் திரும்பி வரும்போது பானு கரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லிட்டாரா?"

"இனிமே வர மாட்டாராம். கம்பெனிக்குப் போன் பண்ணிட்டேன். திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாங்க."

அவள் கண் கலங்கியது. "மாமா, ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது."

"சொல்லு."

"விடியக்காலைல நீ டீசல் ஊத்தணும்னு போனப்புறம் நான் வூட்லேர்ந்து இங்க நடந்து வந்தேன். சவுக்குத் தோப்பாண்ட ஆமை ஏறி எறங்கின தடம் இருந்துச்சு. வெளக்குமாத்தால பெருக்கி அழிச்சிட்டேன். நீ ஓசூர் போவணுமேன்னு தெரிஞ்சும் மனசு கேக்கல."

அவன் நங்கூரத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அது ஒண்ணுதான் இருந்துதா?"

"ஒண்ணுதான்."

"அப்ப அது நான் வந்துட்டுப் போனப்புறம் ஏறியிருக்கும்" என்றான் தமிழ்வேந்தன். "முகத்துவாரத்துல இருந்த ரெண்டையும் அழிச்சிட்டுதான் நான் படகையே எடுத்தேன்."