அக்காவின் அணுக்கள்

தம்பி தனுஷ்கோடியின் கை முழுக்க வெந்தது போலச் சிவந்து கிடந்தது. அமராவதி அதைத் தொடப் பயந்தாள். அவனுடைய ரத்தப் புற்றுநோயை அடிக்கட்டும் என்று அவள் ரத்தத்திலிருந்து எடுத்து ஏற்றிய அணுக்கள், இப்போது அவன் தோலையும் சேர்த்து அடிக்கின்றன.

“அவன் வேத்தாள் இல்லன்னு அதுங்களுக்கு யாராவது சொல்லக் கூடாதா டாக்டர்?”

“மருந்து குடுத்துக் கடிவாளம் பிடிக்கிறோம்மா. ஒரேயடியா அடக்கிட்டா நோய் திரும்பிடும். கொஞ்சம் சண்டை இருந்தாத்தான் அவருக்கு நல்லது.”

டாக்டர் போனதும் தனுஷ்கோடி வெடித்த உதட்டோடு சிரித்தான். “கேட்டியாக்கா? என்னை முழுசா மன்னிச்சுத் தொலைச்சுடாத.”

வேறு சாதியில் கட்டிக்கொண்டவள் என்று, அம்மா செத்ததைக்கூட அவளுக்குச் சொல்லி அனுப்பாதவன் அவன். அணுக்கள் கொடுக்க வந்த அன்றே எல்லாவற்றையும் மறந்துவிட்டதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். மறந்தது வாய் மட்டும்தானோ? அவள் அணுக்களைப் பிடித்த பையில் நிறைந்து அவனுக்குள் இறங்கியது எது?

கேட்கவே கூடாது என்று வைத்திருந்ததைக் கேட்டாள். “கடைசியில அம்மா என்னைத் தேடினாளாடா?”

அவன் முகத்தைக் கூரைப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“தேடினா. தினமும்.”

“நெசமாவா? இல்ல, எனக்குக் கோவம் வரணும்னு சொல்றியா?”

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அமராவதி அந்தச் சிவந்த கையைப் பிடித்தாள். எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.