மழையை எங்கே தள்ளுவது?

வயலில் விளக்குமாற்றுக் குச்சிகளை வரிசையாக நட்டு, நுனியில் ஒரு சிவப்பு மிளகாய், ஒரு சின்ன வெங்காயம் என்று குத்திக்கொண்டிருந்தார் பாக் துக்கிமின். முந்தாநாளிலிருந்து அவர் குளிக்கவில்லை. மழையை விரட்டுகிறவர் உடம்பில் தண்ணீர் பட்டால் காரியம் கெட்டுவிடும் என்பது ஜாவாவில் யாருக்குத்தான் தெரியாது?

வாடையைச் சகித்துக்கொண்டு அவர் எதிரே நின்றிருந்தாள் வூர்யானி. புது விமான நிலையத் திட்டத்தின் தலைமை அதிகாரி. அவளுக்கு அவர் 'பாக்', அதாவது ஐயா; அவருக்கு அவள் 'இபு', அதாவது அம்மா. பதினோரு வருஷம், மூன்று மந்திரிகள், போன வேகத்தில் ஏழு முறை திரும்பி வந்த மசோதா. எல்லாம் தாண்டி ஒருவழியாகச் சட்டமாகிவிட்டது.

அதில் ஒரு பிரிவுதான் இப்போது கழுத்தைப் பிடித்தது. இன்று மாலை நான்கு மணிக்குள் மந்திரி புது நிலையம் வரப்போகும் இதே வயலில் நின்று அடிக்கல் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் இடத்துக்கான அனுமதி ரத்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். கெடு வைக்காவிட்டால் இவர்கள் தூங்கிவிடுவார்கள் என்று அந்தப் பிரிவை எழுதிச் சேர்த்ததே அவள்தான்.

மந்திரி ஜகார்த்தாவில் ஒரு கல்யாணத்தில் தலையைக் காட்டிவிட்டு மூன்று மணிக்கு வந்துவிடுவதாகத் தகவல். மணி ஒன்று. வானம் கன்னங்கரேலென்று தலைக்கு மேல் நின்றது. நாலு தூறல் விழுந்தால் போதும், வயல் சேறாகிவிடும். சேற்றில் கால் வைக்கிற மந்திரி இன்னும் பிறக்கவில்லை.

"பாக், மழையை நிறுத்திடுவீங்கல்ல?"

அவர் கிராம்புச் சிகரெட்டை நிதானமாக இழுத்துவிட்டுச் சொன்னார். "நிறுத்தவெல்லாம் முடியாது, இபு. தள்ளத்தான் முடியும். எங்க தள்ளணும்னு நீங்க சொல்லுங்க."

வடக்கே கடலுக்குத் தள்ளச் சொன்னாள். அவ்வளவு தூரம் தம் கட்ட இந்த வயதில் ஆகாது என்றார். கிழக்கே தள்ளலாமா என்றாள். அங்கே அவருடைய பேரனுக்குச் சுன்னத்து விருந்து. தெற்கே சம்பந்தி வீட்டில் மிளகாய் காயப் போட்டிருக்கிறார்களாம்.

மிச்சம் மேற்குதான். மேற்கே பழைய விமான நிலையம்.

வூர்யானியின் முகம் மலர்ந்துவிட்டது. நாலு குடம் தண்ணீர் ஊற்றினாலே குளமாகிவிடும் அந்த ஓடுதளம். பழசே போதும், இந்த அம்மாவுக்குத்தான் பைத்தியம் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சிரித்தவர்களை நினைத்தால் அவளுக்கு இன்னும் வயிறு எரியும்.

"பழைய ஏர்போர்ட் மேல கொட்டுங்க, பாக். முழங்கால் அளவுக்கு நிக்கட்டும்."

"நெசமாவா, இபு? தள்ளின மழையைத் திரும்பக் கூப்பிட முடியாது."

"தள்ளுங்க."

துக்கிமின் ஏதோ முணுமுணுத்து, புகையை மேற்குப் பார்த்து ஊதினார். கால் மணி நேரத்தில் மேகம் மாட்டு மந்தை போல அந்தப் பக்கம் நகர்ந்தது. வயலில் வெயில் சுள்ளென்று அடித்தது. விழாப் பந்தலில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். வூர்யானிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அவரைக் கட்டிப்பிடித்திருப்பாள், வாடைதான் தடுத்தது.

இரண்டரை மணிக்குப் பழைய நிலையத்திலிருந்து தோழி ஒருத்தி படம் அனுப்பினாள். ஓடுதளத்தில் வாத்துகள் நீந்திக்கொண்டிருந்தன. வூர்யானி விழுந்து விழுந்து சிரித்து, பைத்தியம் என்று சொன்ன அத்தனை பேருக்கும் அதை அனுப்பிவைத்தாள்.

மூன்று மணி ஆயிற்று. மூன்றே காலும் ஆயிற்று. மந்திரியைக் காணோம். பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள்.

மூன்றரைக்கு அலைபேசி அடித்தது. மந்திரியேதான்.

"வூர்யானி, நாங்க சுரபாயாவுல எறங்கிட்டோம். இங்கேருந்து கார்ல வந்தா ராத்திரி ஆயிடும்" என்றார் எரிச்சலாக. "உங்க ஊரு மேல முக்கால் மணி நேரம் சுத்தினோம். கீழே ஒரே வெள்ளம். ஏம்மா, எறங்கறதுக்கு உங்க ஊர்ல வேற ஏர்போர்ட்டே இல்லையா?"