அன்றைக்குச் சொன்னது

தேர்வு அறையில் பூங்கோதையின் மடியில் கிடந்த இயந்திரப் பொம்மைக்கு, அவள் மகன் ஆறு மாதக் குழந்தையாய் இருந்தபோது இருந்த அதே முகம், அதே வலிப்பு. குழந்தை மருத்துவம் படிக்கும் டாக்டர்கள் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். மகனைத் தூக்கிப் போன அன்று டாக்டரிடம் சொன்னதை அவள் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அதுதான் அவளுக்கு வேலை.

"தூங்கி எழுந்ததும் கையை விரிச்சுத் தலையைத் தொங்கப் போடுறான் டாக்டர். விட்டு விட்டுப் பண்றான்."

கண் முன்னாலேயே பொம்மை இரண்டு முறை கையை விரித்தது. இளம் டாக்டர் அதன் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"வாயுதாம்மா. பயப்படாதீங்க, வீட்டுக்குத் தூக்கிட்டுப் போங்க."

எட்டு வருஷத்துக்கு முன் கேட்ட அதே பேச்சு. "சரிங்க டாக்டர்" என்று அன்றைக்குப் போலவே எழுந்து போக வேண்டும். அப்படித் தூக்கிப் போன பிள்ளை, பெற்றவளை இன்னாரென்று தெரியாமல் இன்றும் வீட்டில் படுத்துக் கிடக்கிறான். அவள் எழவில்லை.

"வாயு இல்லைங்க, இது வலிப்பு! நல்லாப் பாருங்க!"

கண்ணாடிச் சுவருக்குப் பின்னாலிருந்து தேர்வை நடத்துபவரின் குரல் ஒலிபெருக்கியில் சலிப்போடு வந்தது.

"இதெல்லாம் நீங்க அன்னைக்குச் சொல்லலையேம்மா. சொன்னதை மட்டும் சொல்லுங்க."