பதினான்கு அங்குலக் கலப்பை

அவர் எண்ணெய்த் துணியால் கலப்பையின் கொழுவை இன்னொரு முறை துடைத்தார்.

அது ஏற்கெனவே முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளும் அளவுக்கு மின்னிக்கொண்டிருந்தது.

தென்னைகளுக்கு நடுவே மூன்று பேர் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் சம்பந்தி அவிநாசியப்பன். அடுத்து சம்பந்தியின் பங்காளி நடராசு, கையில் இரும்பு டேப்போடு. கடைசியில் இவருடைய மகள் சுகந்தி. மாசியில்தான் கட்டிக்கொடுத்தது.

கலப்பையை அளக்க வருகிறார்கள்.

மினி டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற ஒற்றைக் கலப்பைதான். ஆனால் லேசாக நினைத்துவிடக் கூடாது. இந்தத் தோட்டத்தில் அது ஒரு இழுப்பு இழுத்தால் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் கொஞ்சம் நகர்ந்து உட்காரும். போன ஐப்பசியில் அது கீறிய சாலுக்குள் விழுந்த சினை ஆடு, வழி கண்டுபிடித்து மேலே வரும்போது இரண்டு குட்டிகளோடு வந்தது.

இதையெல்லாம் அவர் கூட்டிச் சொல்வதில்லை. குறைத்துத்தான் சொல்வார். கேட்கிறவர்கள் நம்ப வேண்டுமே.

அகலம் பதினான்கு அங்குலம் என்பதை மட்டும் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார்.

அது சுகந்தி அளந்தது.

கலப்பை வந்து இறங்கிய அன்று தையல் மெஷினை விட்டு எழுந்து வந்தாள். கழுத்தில் கிடந்த டேப்பை உருவி அளந்தாள். “பதினாலுப்பா” என்றாள். அவள் தைத்த ஜாக்கெட் ஒன்றுகூடப் பிரித்துத் தைக்கத் திரும்பி வந்ததில்லை. அப்புறம் என்ன சந்தேகம்?

போன இடத்திலும் அதையே சொல்லியிருக்கிறாள். அவிநாசியப்பன் அதைத் தம் ஊர் முழுக்கச் சொன்னார். நடராசு மட்டும் சிரித்தார்.

“அந்தச் சுண்டைக்கா வண்டிக்குப் பதினாலு அங்குலக் கலப்பையா? உங்க மருமவ ரவிக்கைத் துணின்னு நெனச்சு அளந்துட்டாளாட்ட இருக்குது.”

விசேஷ வீட்டுப் பந்தி ஒன்று விடாமல் அந்தச் சிரிப்பு நடந்தது. இன்று அளவு தப்பினால், அவள் அந்த வீட்டில் இருக்கும் வரைக்கும் நடக்கும்.

நடராசு குனிந்தார். கொழுவின் உள்பக்கத்திலிருந்து வெளிநுனிக்கு நேர் குறுக்கே டேப்பைப் பிடித்தார்.

பத்து.



சுகந்தி முன்னால் வந்து உட்கார்ந்தாள். கொழுவின் விளிம்பில் விரலை வைத்து, சாய்வோடு சாய்வாகக் கடைசி வரை ஓட்டினாள். விரல் நின்றது.

அவருக்கும் அப்போதுதான் புரிந்தது. ரவிக்கையின் கைக்குழியை அளக்கிற மாதிரி விளிம்போடு டேப்பை ஓடவிட்டிருக்கிறாள். அளவு சரி. அளந்த இடம்தான் வேறு.

அவள் எழுந்தாள். தலை குனியவில்லை. மாமனாரைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

அதற்குள் அவள் அப்பா டிராக்டரில் ஏறிவிட்டார்.

“ஏனுங்க, இரும்பையா உழுகறோம்? மண்ணத்தானுங்க உழுகறோம். சால அளந்து பாருங்க.”

“அதென்னுங்க புது வழக்கம்?” என்றார் நடராசு.

“இந்தத் தோட்டத்துல அப்படித்தானுங்க.”

முந்தின நாள் மழை பெய்திருந்தது. கலப்பை இறங்கியது. மண் புரண்டு புரண்டு சாய்ந்தது. இரண்டு தென்னைக்கு நடுவே வகிடு எடுத்த மாதிரி ஒரே நேராகச் சால் விழுந்தது. சாகும்போதும் இப்படி ஒரு சாலில் கிடத்தினால் போதும் என்று அவருக்குத் தோன்றியது.

இறங்கி வந்து பார்த்தார். நெஞ்சு நிமிர்ந்தது.

அப்புறம் கொஞ்சம் தளர்ந்தது. ஈரத்தில் கரை சரிந்து அகலம் கூடியிருந்தது உண்மை. ஆனால் பதின்மூன்றைத் தாண்டாது. ஆட்டுக்குட்டி விஷயத்தில் எப்படியோ, இதில் அவர் கண் பொய் சொல்லாது.

நடராசு டேப்பின் பெட்டியைப் பிடித்துக்கொண்டு இந்தக் கரையில் உட்கார்ந்தார். அவிநாசியப்பன் நுனியை இழுத்துக்கொண்டு அந்தக் கரைக்குப் போனார். டேப்பு விறைத்தது.

நடராசு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எண்ணின் மேல் குனிந்தார்.

அந்தப் பக்கம் அவிநாசியப்பனின் வலது கால் சற்று அசைந்தது. கரையிலிருந்து ஒரு மண்கட்டி, சத்தமில்லாமல், சாலுக்குள் போய் உட்கார்ந்தது. டேப்பின் நுனி பின்னால் நகர்ந்தது.

நடராசு வெகுநேரம் பார்த்தார்.

“பதினாலு” என்றார்.

அவிநாசியப்பன் நிமிர்ந்தார். தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். தோட்டத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

“எங்க ஊட்டுப் புள்ள அளந்தா அளந்ததுதானுங்க.”

சுகந்தி மாமனாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவருடைய வலது செருப்பில் மட்டும் விளிம்பு வரை ஈர மண் அப்பியிருந்தது.

அதை யாரும் பார்க்கவில்லை. பெண்ணைப் பெற்ற இவரும் பார்க்கவில்லை. எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்வார்.