அறுநூறு அடி போதும்

வெண்டலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பதினோரு வருடமாக அவன் கொட்டகையில் விமானம் கட்டுகிறான். அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத மனைவி மார்லிஸ் இன்று தானாக வந்து நிற்கிறாள்!

“இறக்கைக்குப் பின்னாடி தொங்குதே, அது என்ன?”

“ஃபிளாப். வரைபடத்துல இருக்கிறதைவிட நாலு அங்குலம் அகலமா வச்சிருக்கேன். அதை முழுசா இறக்கினா விமானம் ரொம்ப மெதுவா வந்து இறங்கும். அறுநூறு அடி தரை போதும்.”

“கிளம்பறதுக்கு?”

“அப்ப கொஞ்சமாத்தான் இறக்கணும். முழுசா இறக்கினா காத்து பிடிச்சு இழுக்கும், வேகமே எடுக்காது. கொஞ்சமா இறக்கினா நம்ம பின்பக்கப் புல்வெளியிலருந்தே ஏறிடலாம்.”

“அயோவாவுல உன் அண்ணன் கர்ட்டோட மேய்ச்சல் நிலத்துல இறங்குமா?”

“தாராளமா!”

“என் ஆபரேஷன் அன்னிக்குக்கூட நீ வராம இதுக்கு ரிவெட் ஆணி அடிச்சிட்டிருந்தது இதுக்குத்தானா?”

“எல்லாம் நம்ம ரெண்டு பேருக்காகத்தான், மார்லிஸ்.” வெண்டல் இரண்டாவது இருக்கையைச் சட்டைக் கையால் துடைத்தான். “வா, உக்காரு. உன் எடையை மட்டும் சரியா சொல்லிடு. இதுல ஒவ்வொரு பவுண்டும் கணக்கு.”

மார்லிஸ் வெளியே போய் அவனுடைய துணிப் பெட்டியைத் தூக்கிவந்து அந்த இருக்கையில் வைத்தாள். அதன்மேல் விவாகரத்துப் பத்திரத்தை வைத்தாள்.

“நாப்பத்திரண்டு பவுண்டு. எடை போட்டுப் பாத்துட்டேன்,” என்றாள். “கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பு. ஃபிளாப்பை மறக்காம கொஞ்சமா இறக்கிக்கோ.”